பயந்தவங்க பாடுற பாட்டு

அழகாத்தான் இருக்கும் தங்கச்சி. பஸ்ஸுக்குள்ள உக்காந்து பாத்தா எல்லாமே அழகுதான். நான் இந்த மலையிலயே பொறந்து, இந்தத் தேயிலைக்குள்ள இடுப்பளவுக்கு நின்னு கொழுந்து கிள்ளிக்கிட்டுக் கெடக்குறவ. எனக்குச் செடியப் பாத்தா செடி தெரியாது. செடிக்கு அடியில என்ன படுத்திருக்குன்னுதான் கண்ணு போகும்.

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்களேன். கம்பியப் பிடிச்சுக்கிறேன். வளைவு வருது பாருங்க, டிரைவர் ஹாரன் கூட அடிக்க மாட்டேங்குறான்.

பயமா? எனக்கா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கம்பிய விட மாட்டேன், அவ்வளவுதான். பேசிக்கிட்டே வந்தா சரியாயிடும். அதான் உங்ககிட்ட வாயக் குடுத்தேன், தப்பா நெனச்சுக்காதீங்க. தனியா இவ்வளவு தூரம் நான் பஸ் ஏறினதே இல்ல. எங்க வீட்டுக்காரர் கூட வர்றேன்னாரு. பேக்டரியில லீவு குடுக்கல.

எங்க போறேன்னு கேட்டீங்கல்ல? பச்சைமேடு எஸ்டேட். எல்லாம் ஒருத்தி பண்ணின வேலை. பிரகாசின்னு பேரு, எங்க பக்கத்து வீடு. அவ மட்டும் இல்லன்னா நான் இந்நேரம் கதவச் சாத்திக்கிட்டு என் வீட்டுல நிம்மதியா இருந்திருப்பேன். சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க எஸ்டேட்டுல லைன் வீடு. ஒரே சுவரு, ஒட்டி ஒட்டிக் கதவு. முன்னாடி தேயிலை. பின்னாடி குழாயடி, அதத் தாண்டி ஒரு சரிவு, சரிவு முடியுற எடத்துல சோலைக்காடு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நாங்க இருமினா அந்தப் பக்கம் வீட்டுலருந்து பிரகாசி "என்னக்கா சளியா"ன்னு கேப்பா. அப்படி இருந்தோம். அவளுக்கு ஒரே பொண்ணு, ரெனிட்டா. ரெனின்னு கூப்பிடுவோம். என் பொண்ணு விண்ணரசிக்கு ஒரு வயசு சின்னவ. ரெண்டும் ஒண்ணாத்தான் சுத்தும்.

போன வருஷம் மழை விட்ட சமயம். சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம் கூட ஆகல. ரெனி குழாயடியில கை கழுவப் போனா. அவ்வளவுதான். சிறுத்தை.

நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. சத்தம்னா பெரிய சத்தம் இல்ல தங்கச்சி, ஒரு குடம் உருண்ட மாதிரி. அப்புறம் பிரகாசி கத்தினா. அது இன்னும் என் காதுலதான் இருக்கு. ஆம்பளைங்க டார்ச்சும் கத்தியுமா ஓடினாங்க. தேயிலைக்குள்ள கெடைச்சா. எப்படிக் கெடைச்சான்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க.

ஃபாரஸ்ட்டுகாரங்க வந்து கூண்டு வச்சாங்க. ஒரு சிறுத்தை மாட்டுச்சு, வண்டியில ஏத்திக் கொண்டு போனாங்க. அதுதான் இதுன்னு அவங்க சொன்னாங்க. அது இல்லன்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. யாருக்குத் தெரியும்? அது என்ன பேரச் சொல்லிட்டா போகும்? அதுக்கப்புறம் ரெண்டு தடவ நாய் காணாமப் போச்சு. ஒரு தடவ குழாயடி சேத்துல கால் தடம் இருந்துச்சு. என் உள்ளங்கை அகலத்துக்கு.

நான் பொறந்ததுலருந்து ஆண்டவருக்குப் பயந்து நடக்குறவ. பூசைய விட்டது கெடையாது. ரெனி போனதுலருந்து வாசல்ல தீர்த்தம் தெளிப்பேன், ஜன்னலுக்கு ஜன்னல் சிலுவை போடுவேன், வெளிச்சம் மங்கினதும் கதவச் சாத்தி, மரப்பெட்டிய இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்து, புருஷனையும் பொண்ணையும் முழங்காலு போட வச்சு ஜெபமாலை சொல்லுவேன். "ஆண்டவரே, அது எங்க வீட்டுக்கு வராமப் பாத்துக்கோ." இதுதான் என் ஜெபம். சத்தமாத்தான் சொல்லுவேன். ஆண்டவருக்குக் கேக்கணும்ல.

பிரகாசிக்கு ஆறுதல் சொல்லவும் நான்தான் போனேன். சோறு கொண்டு போவேன், தொட மாட்டா. அழ மாட்டா. ஒரு சொட்டு அழல தங்கச்சி. சுவத்தப் பாத்து உக்காந்திருப்பா. அவ புருஷனுக்கு அந்த வீட்டுல இருக்க முடியல, திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. நான் அவகிட்ட, "ஜெபம் பண்ணு பிரகாசி, ஜெபம் நடக்குற வீட்டுக்கு அது வராது"ன்னு எடுத்துச் சொல்லுவேன். அவ ஒரு தடவ திரும்பிப் பாத்தா. ஏன் அப்படிப் பாத்தான்னு எனக்குத் தெரியல. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போறது நின்னு போச்சு. பள்ளிக்கூடம் கீழ, பேக்டரி பக்கத்துல. தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை, அப்புறம் ஒரு ஓடை, ஓடைக்கு ரெண்டு பக்கமும் சோலை. அந்த எடத்துல பட்டப்பகல்லயே இருட்டாத்தான் இருக்கும். கம்பெனி கொஞ்ச நாள் ஜீப் விட்டாங்க. அப்புறம் டயர் சரியில்ல, டிரைவர் இல்லன்னு நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரர் சவரிராஜு, "பொண்ணு படிப்பு போகுதேடி"ன்னு கத்தினாரு. போனாப் போகட்டும். உயிரு இருக்குல்ல? வீட்டுக்குள்ள, என் கண்ணு முன்னாடி, நான் தொட்டுப் பாக்குற தூரத்துல. விண்ணரசி ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. எனக்கு அதப் பாக்க நிம்மதியாத்தான் இருந்துச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்க எஸ்டேட்டுல சின்னக் கோயில், மாசத்துல ரெண்டு ஞாயிறு ஃபாதர் ஜீப்புல வந்து பூசை வைப்பாரு. பிரகாசிய நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். அன்னிக்கு லாசர் செத்த கதை வாசிச்சாங்க. தெரியுமா உங்களுக்கு? இயேசு சாமிக்கு லாசர்னு ஒரு சிநேகிதரு. அவரு செத்துப் போயிடுறாரு. சாமி வந்து உயிரோட எழுப்புறாரு. ஃபாதர் பிரசங்கம் வச்சுக்கிட்டு இருக்காரு, விசுவாசம் அது இதுன்னு. திடீர்னு பிரகாசி எந்திரிச்சு நிக்கிறா.

"ஃபாதர், ஒண்ணு கேக்கணும்."

கோயிலே திரும்பிப் பாக்குது. நான் சேலைய இழுக்குறேன், உக்கார மாட்டேங்குறா.

"உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்கு அழுதாரு?"

ஃபாதருக்கு வயசு கம்மி. மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு, துடைச்சாரு, மாட்டினாரு. "எனக்குச் சரியாத் தெரியலம்மா. கூட நின்னவங்க அழுததப் பாத்துட்டு அழுதாருன்னுதான் இருக்கு"ன்னாரு.

"அழுதுட்டு என்ன பண்ணினாரு?"

"கல்லறைக்குப் போனாரும்மா. நடந்து போனாரு."

"அழுதுக்கிட்டேவா?"

"அப்படித்தான் இருக்கணும்."

பிரகாசி உக்காந்துட்டா. அதுக்கப்புறம் பூசை முடியுற வரைக்கும் அவ வாய் எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. புத்தி பிசகிடுச்சோன்னு நெனச்சேன்.

பிசகித்தான் போச்சுன்னு மறுநா காலையில தெரிஞ்சுது. லைனுக்கு முன்னாடி வந்து நிக்கிறா. தலைய வாரி, பூ கூட வச்சிருக்கா. ஒரு கையில தகரத் தட்டு, ஒரு கையில கரண்டி. டங்கு டங்குன்னு தட்டுறா.

"பிள்ளைங்கள அனுப்புங்க. பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

யாரு அனுப்புவா? தன் பிள்ளையவே காப்பாத்த முடியலன்னு ஒருத்தி ஜன்னலுக்குள்ளருந்து சொன்னா. நான் இல்ல, வேற ஒருத்தி. நான் மனசுக்குள்ளதான் நெனச்சேன். அவ சொன்னது பிரகாசிக்குக் கேட்டுச்சு. மூஞ்சி ஒரு தடவ சுருங்கிச்சு. அப்புறம் மறுபடி தட்டினா, முன்னவிடச் சத்தமா. கடைசி வீட்டு ரோஸ்லின் மட்டும் தன் ரெண்டு பிள்ளைங்கள அனுப்பினா. அவளும் கொழுந்தெடுக்கப் போகணும், வீட்டுல பாத்துக்க ஆள் இல்ல, அதான். அந்த ரெண்டையும் கூட்டிக்கிட்டு பிரகாசி பாதையில எறங்கினா. எறங்கும்போதே பாட ஆரம்பிச்சுட்டா.

கோயில் பாட்டு கூட இல்ல தங்கச்சி. அவளாக் கட்டினது.

"ஆண்டவரு முன்னால, அம்மாமாரு பின்னால,
நடுவுல நாங்க வாரோம், தள்ளி நில்லு தள்ளி நில்லு!"

டங்கு டங்கு. பிள்ளைங்க சிரிக்குதுங்க. இவளும் சிரிக்கிறா. அவ பொண்ணு கெடந்த எடத்தத் தாண்டித்தான் அந்தப் பாதை போகுது. அந்த எடத்துல பாட்டு ஒரு நிமிஷம் நின்னுச்சு, எனக்கு ஜன்னல்லருந்து கேட்டுச்சு. மறுபடி ஆரம்பிச்சப்ப தொண்டை கிழியிற மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரே கோவம். பிள்ளையப் பறிகுடுத்தவ இப்படியா பாடுவா? ஊரு என்ன சொல்லும்? அவளுக்காக நான் எத்தன ஜெபமாலை சொல்லியிருக்கேன்!

இப்படியே போச்சு. இன்னிக்கு ஒரு பிள்ளை, நாளைக்கு ஒரு பிள்ளைன்னு சேந்துச்சு. நான் மட்டும் கதவத் தெறக்கல. ஒரு நாள் காலையில அடுப்பப் பாத்துட்டுத் திரும்புறேன், விண்ணரசியக் காணோம். பின்வாசல் தெறந்து கெடக்கு. பையக் காணோம்.

எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. செருப்புக் கூடப் போடாம ஓடினேன். ரெனி போனதுலருந்து கோயிலுக்குப் போற வழியத் தவிர வேற பாதையில நான் காலு வச்சதில்ல. கொழுந்து எடுக்கப் போறதக் கூட நிறுத்திட்டு இருந்தேன். அன்னிக்கு ஓடினேன் பாருங்க. ரெண்டு பக்கமும் தேயிலை, ஒவ்வொரு செடிக்குள்ளயும் அது இருக்குன்னே தோணுது. என் மூச்சே எனக்குப் பின்னாடி ஏதோ வர்ற சத்தம் மாதிரி கேக்குது. ஓடைகிட்ட போய்ப் பிடிச்சேன். விண்ணரசி நடுவுல நின்னுக்கிட்டு தள்ளி நில்லு தள்ளி நில்லுன்னு கையத் தட்டுது.

முதுகுல ஒரு அடி வச்சேன். "வாடி வீட்டுக்கு"ன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். இழுத்துட்டுத் திரும்பினேன். திரும்பினா... பாதை தெரியுது. வந்த பாதைதான். ஆளு இல்ல. நானும் பொண்ணும் தனியா அதுல போகணும். காலு நகரல தங்கச்சி. சத்தியமா நகரல.

பிரகாசி பாத்துக்கிட்டே நின்னா. "அக்கா, தனியாத் திரும்ப வேணாம். எங்களோட பள்ளிக்கூடம் வரைக்கும் வா. பிள்ளைங்கள விட்டுட்டு நானும் நீயும் ஒண்ணாத் திரும்பலாம்"ன்னா.

வேற வழி? போனேன். திரும்பி வரும்போது அவ சேலை முந்தானைய என் கையில சுத்திக்கிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் இன்னொண்ணு உறைச்சுது. விண்ணரசிய பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துட்டேன். சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வரணும்ல? மறுபடி அந்தப் பாதை. மறுநா காலையில பொண்ணு மறுபடி பையத் தூக்கிட்டு நிக்குது. அதத் தனியா அனுப்ப முடியுமா? இப்படித்தான் நான் மாட்டினேன். நானா விரும்பிப் போனதா நெனச்சுடாதீங்க. மாட்டிக்கிட்டுத்தான் போனேன்.

பிள்ளைங்கள விட்டுட்டுத் திரும்புற வழியில ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன். "எப்படிடி உன்னால சிரிக்க முடியுது?"

அவ கைய நீட்டிக் காட்டினா. விரலு எல்லாம் வெடவெடன்னு ஆடுது. "எப்பவும் இப்படித்தான்க்கா. அதான் தட்ட வச்சிருக்கேன். நடுங்குற கைக்குத் தட்டுறது லேசு."

"பயந்துக்கிட்டே எதுக்குடி போற? வீட்டுல உக்காந்து ஜெபம் பண்ணக் கூடாதா? நான் பண்றேன்ல?"

"நீ பண்றது எனக்குக் கேக்கும்க்கா. ஒரே சுவருதான?" தட்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டா. "எங்க வீட்டுக்கு வராமப் பாத்துக்கோன்னு கேக்குற. பின்ன அது யாரு வீட்டுக்குப் போகணும்?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. என்ன பேச்சு இது? ஜெபத்துல குத்தம் கண்டுபிடிக்கிறா. கோவத்துல முந்தானைய விட்டுட்டு ஓடை வரைக்கும் தள்ளியே நடந்தேன். ஓடைகிட்ட வந்ததும் பயத்துல மறுபடி முந்தானையப் பிடிச்சுக்கிட்டேன். அவ அவளாவே சொன்னா. "ஆண்டவரு வந்து சிறுத்தையக் கட்டிப் போடுவாருன்னு நெனச்சேன்க்கா. கட்டல. அந்தக் கோவத்துலதான் மாசக் கணக்கா உக்காந்திருந்தேன். அன்னிக்குக் கோயில்ல கேட்டேன்ல, அவரே அழுதாராம். அழுதுக்கிட்டே அந்த எடத்துக்கு நடந்து போனாராம். அப்ப நான் ரெனி பக்கத்துல தேயிலைக்குள்ள விழுந்து கெடந்தப்ப அவரு மேல எங்கயோ நின்னு பாத்துக்கிட்டு இருக்கல. கூட வந்திருக்காரு. அழுதிருக்காரு. அது தெரிஞ்சதும் எனக்கு உக்கார முடியல. சந்தோஷம்னு சொன்னா நீ அடிப்ப. ஆனா அதுக்கு வேற பேரு எனக்குத் தெரியல."

அன்னிக்கு சாயங்காலம் முழங்காலு போட்டப்ப என் வழக்கமான ஜெபம் வரல. ஆரம்பிச்சா பாதியில நிக்குது. யாரு வீட்டுக்குப் போகணும்னு கேட்டு வச்சுட்டாளே, பாவி. கடைசியில, "எல்லாப் பிள்ளைங்களையும் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். சவரிராஜு என்ன ஒரு மாதிரி பாத்தாரு.

எங்க விட்டேன்? ஆங், பாட்டு. கூடப் போறவ சும்மா போக முடியாதுல்ல. சத்தம் போட்டா அது கிட்ட வராதுன்னு ஃபாரஸ்ட்டுகாரங்களும் சொன்னாங்க. நானும் வாயத் தெறந்தேன். எனக்குத் தொண்டை கொஞ்சம் பெருசு. கோயில்ல கூட, கொஞ்சம் மெதுவாப் பாடும்மான்னு சொல்லுவாங்க. அந்தப் பாதையில யாரும் மெதுவாப் பாடச் சொல்லல. நாளாக நாளாக நானே வரிய சேத்துக் கட்ட ஆரம்பிச்சேன். பிள்ளைங்க பேரெல்லாம் வர்ற மாதிரி. விண்ணரசி, "அம்மா, நீ சிரிக்கிற"ன்னா ஒரு நாள். நான் எங்க சிரிச்சேன்? மூச்சு வாங்கிச்சு, பல்லு தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் அந்த நாளு வந்துச்சு.

பயங்கரப் பனிமூட்டம். முன்னாடி போற பிள்ளையோட பை மட்டும் தெரியுது, பிள்ளை தெரியல. போக வேணாம்னு நான் சொன்னேன். அன்னிக்குப் பரிட்சை, பிள்ளைங்க கேக்கல. பிரகாசி முன்னாடி, நடுவுல பிள்ளைங்க, நான் கடைசி. பாட்டு போய்க்கிட்டு இருக்கு. ஓடைக்கு எறங்குற திருப்பத்துல தட்டு சத்தம் நின்னுச்சு.

நான் பிள்ளைங்களத் தாண்டி முன்னாடி போனேன். எதுக்குப் போனேன்? ஓடியில்ல போயிருக்கணும்? தெரியல, போயிட்டேன். பிரகாசி நிக்கிறா. அவளுக்கு முன்னாடி, பாதைக்கு நடுவுல, நாய் உக்காருமே அப்படி உக்காந்திருக்கு.

நான் அதுவரைக்கும் அத நேர்ல பாத்ததில்ல. கனவுல அது வீடு உசரத்துக்கு வரும். இது அவ்வளவு பெருசு இல்ல. மீசையில பனித்துளி நிக்குது. எங்களப் பாக்குது. கோவமா எல்லாம் பாக்கல. அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு. சும்மா பாக்குது. காது மட்டும் லேசா ஆடுது.

பிரகாசி கல்லாட்டம் நிக்கிறா. தட்டு கையில தொங்குது. வாய் தெறந்திருக்கு, சத்தம் இல்ல. அவதான் தைரியசாலி, அவ பின்னாடிதான நாங்க எல்லாம் வந்தோம், அவளுக்கே சத்தம் வரல. பின்னாடி ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பிச்சுது. சிறுத்தையோட தலை அந்தப் பக்கம் திரும்பிச்சு தங்கச்சி. பிள்ளை அழுற பக்கம்.

எனக்குக் காலெல்லாம் நனைஞ்சு போச்சு. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா நடந்தது அதுதான். ஆண்டவரேன்னு கூப்பிடத்தான் வாயத் தெறந்தேன். "ஆண்டவரே"ன்னு வரல. "ஆண்டவரு முன்னால"ன்னு வந்துச்சு. பாட்டா வந்துச்சு! நான் என்ன பண்ணுவேன், தெனம் பாடிப் பாடி வாய் அப்படிப் பழகிப் போச்சு. பிரகாசி கையிலருந்து தட்டப் பிடுங்கினேன். கரண்டி எங்கயோ விழுந்துடுச்சு, கையாலயே அடிச்சேன். அம்மாமாரு பின்னால, நடுவுல நாங்க வாரோம்! பின்னாடி என் விண்ணரசி குரல் வந்துச்சு. அப்புறம் ரோஸ்லின் பிள்ளைங்க. அப்புறம் எல்லாம். அழுதுக்கிட்டே பாடுதுங்க, மூக்கொழுகிக்கிட்டே பாடுதுங்க. தள்ளி நில்லு! தள்ளி நில்லு!

அது எந்திரிச்சுது. ஒரு தடவ உடம்ப நீட்டிச்சு. ஏதோ எங்க சத்தம் தாங்கலங்குற மாதிரி, அவசரமே இல்லாம மேட்டுப் பக்கம் ஏறி, தேயிலைக்குள்ள போயிடுச்சு. செடி ஆடினது கொஞ்ச நேரம் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்ல.

நான் நிறுத்தல. நிறுத்தினா திரும்பி வந்துடும்னு பயம். எவ்வளவு நேரம் பாடினேன்னு தெரியல. விண்ணரசி வந்து, "அம்மா போதும்மா, போயிடுச்சும்மா"ன்னு என் கையப் பிடிச்சப்புறம்தான் நிறுத்தினேன். உள்ளங்கை தகரத்துல கிழிஞ்சு ரத்தம்.

பிரகாசி பாதையிலயே உக்காந்துட்டா. உக்காந்து அழுதா. ரெனி போனதுலருந்து அழாதவ, அன்னிக்கு வாய்விட்டு, நெஞ்சில அடிச்சுக்கிட்டு, மண்ணுல பொரண்டு அழுதா. பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னுச்சுங்க. ஓட வேணாம்னு யாரும் சொல்லல, அதுங்களா நின்னுச்சுங்க. விண்ணரசி அவ தலைமுடிய ஒதுக்கி விட்டுச்சு. நானும் உக்காந்தேன். நனைஞ்ச சேலையோட அவளக் கட்டிக்கிட்டு நானும் அழுதேன். ஜெபம் பண்ணுன்னு சொல்லல. அன்னிக்கு அது தோணல.

"அதுவான்னு பாத்தேன்க்கா. தெரியல"ன்னா. "கல்லெடுத்து அடிக்கணும்னு கூட வரல. என் பிள்ளை எவ்வளவு பயந்திருக்கும்னு மட்டும்தான் தோணுச்சு." அப்புறம் மூக்கத் துடைச்சுக்கிட்டு, "எல்லாரும் இருக்காங்களா?"ன்னு கேட்டா. பிள்ளைங்க, "இருக்கோம்!"னு கத்திச்சுங்க. "சரி, பரிட்சைக்கு நேரமாச்சு, நடங்க"ன்னா.

நடந்தோம். அழுதுக்கிட்டேதான் நடந்தோம். பாதி வழியில எனக்கு என்னமோ ஆச்சு தங்கச்சி. இந்த ஈரத்தோட, கை எரிச்சலோட, இன்னும் அது பக்கத்துலதான் எங்கயோ இருக்குன்னு தெரிஞ்சே, நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி லேசாச்சு. எனக்குக் கல்யாணமான அன்னிக்குக் கூட அப்படி இருந்ததில்ல. பித்தம் தலைக்கேறினதா இருக்கும். காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டேன்ல.

ஆண்டவரு எனக்கு என்ன செஞ்சாருன்னு கோயில்ல எல்லாரு முன்னாடியும் சாட்சி சொல்லச் சொன்னாங்க. பயம் போயிடுச்சுன்னு சொல்லும்மா, மத்தவங்களுக்கு நல்லா இருக்கும்னாங்க. எப்படிச் சொல்லுவேன்? போகலியே! முன்ன வீட்டுக்குள்ள மட்டும் பயந்தேன், இப்ப ஊரெல்லாம் நடந்து பயப்படுறேன். ஆண்டவருக்கு முன்னாடி பொய் சொல்ல முடியுமா? எந்திரிச்சு, "பயமாத்தான் இருக்கு, ஆனா ஆளு இருக்கு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். ஃபாதர் பூசை புஸ்தகத்த மூடி வச்சுட்டுச் சிரிச்சாரு. என்ன சிரிப்புன்னு தெரியல.

வந்துடுச்சா? இன்னும் இல்லியா. சரி.

இப்ப என்னன்னா, போன மாசம் பச்சைமேட்டுல இதே மாதிரி ஆயிடுச்சு. தெய்வானைன்னு ஒருத்தி. அவ பையன். பிரகாசி சேதி கேட்டாளோ இல்லியோ, ஒரு பையில துணிய வச்சுக்கிட்டுப் பச்சைமேட்டுக்குப் போயிட்டா. முன்னபின்ன தெரியாத வீடு. அவங்க எங்க கோயில்காரங்க கூட இல்ல. போய் அந்தத் தெய்வானை பக்கத்துல உக்காந்திருக்கா. சும்மாதான் உக்காந்திருக்காளாம். சாமியப் பத்திப் பேசினியான்னு போன்ல கேட்டேன். "எனக்கு யாராச்சும் பேசினப்ப கேட்டுச்சாக்கா? கஞ்சி வச்சுக் குடுக்குறேன், தலை வாரி விடுறேன்"ங்கிறா. தெய்வானை வாசப்படியத் தாண்டவே மாட்டேங்குறாளாம். வெளிச்சத்துக்கே வர்றதில்லையாம். படுத்தே கெடக்குறாளாம்.

எங்க லைன் பிள்ளைங்கள பிரகாசி போனதுலருந்து நான்தான் கூட்டிட்டுப் போனேன். இப்ப ரோஸ்லினும் மத்தவங்களும் மாத்தி மாத்திப் போறாங்க. ஒருத்தி சினிமாப் பாட்டு பாடுறா, நான் திட்டி விட்டேன். அதுக்குள்ள முந்தாநாள் இவ போன். "அக்கா, இங்க பிள்ளைங்க யாரும் பள்ளிக்கூடம் போகல. என் தொண்டை பத்தல. நீ வா."

"நான் எப்படிடி தனியா வருவேன்? பஸ்ஸு, வளைவு, எறங்கினா தேயிலைக்குள்ள நடக்கணும். நான் செத்துருவேன்."

"ஸ்டாப்புல ஆள் நிக்கும்க்கா. நீ பயப்படுவன்னு சொல்லித்தான் வச்சிருக்கேன்."

பாத்தீங்களா? என்ன பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. போனதும் முதல்ல அதத்தான் கேக்கப் போறேன்.

ஐயோ, இதுதான் போல. பச்சைமேடான்னு கேளுங்க. இதுதானா? பனிய பாருங்க, ஒண்ணுமே தெரியல. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் இருப்பா, விசில் அடிச்சுடாத. என் பைய எடுத்துக் குடுங்க தங்கச்சி. யாரும் நிக்கல பாருங்க. நான் சொன்னேன்ல? ஆளே இல்ல. நான் எறங்க மாட்டேன். இதே பஸ்ஸுல திரும்பிப் போயிடுறேன்.

இருங்க இருங்க. அங்க யாரோ நிக்கிறாங்க. பிரகாசி இல்ல. ஒல்லியா ஒரு பொண்ணு. தலை வாரியிருக்கு. போத்தின கம்பளி ஆடுது, அவ்வளவு நடுங்குது அந்தப் பொண்ணு. யாரும்மா நீ?

என்ன சொல்றா? எனக்குச் சரியாக் கேக்கல, நீங்க கேட்டீங்களா?

"நான்தான்க்கா தெய்வானை. உங்களுக்குத் தனியா வரப் பயம்னு பிரகாசி சொல்லிச்சு. அதான் கூட்டிட்டுப் போக வந்தேன்."

வாசப்படியத் தாண்டாதவன்னாளே. இவ்வளவு தூரம் தனியாவாம்மா வந்த?

நகருங்க தம்பி, வழி விடுங்க. எறங்கணும்.